அட்டவணையில் இடம் கிடைக்காத வாரம்

அந்த வருடத்தின் ஐம்பத்து மூன்றாம் வாரம் ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. மற்ற எல்லோருக்கும் டிசம்பர் இருபத்தேழு ஞாயிறு முடிந்ததும் ஜனவரி நான்கு திங்கள் விடிந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் விடுமுறை குறைந்துவிட்டது என்று முணுமுணுத்தார்கள். அதை அவர்கள் எல்லா வருடமும் சொல்வதுதான்.

அந்த வீடு, பேருந்துப் பணிமனையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவளுடையது. எந்த ஓட்டுநருக்கு எந்த நாள் வண்டி, எந்த நாள் ஓய்வு என்று வருடம் முழுவதற்கும் அட்டவணை போடுவது அவளுடைய புரோகிராம்தான். அவள் கணவனும் அங்கேயே ஓட்டுநர். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லிவிட்டார்: "இதோ பாரும்மா, புருஷனுக்குப் பார்த்துப் பார்த்து லீவு போட்டுக் குடுக்கறான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது. உனக்கு லீவுன்னா அவனுக்கு டியூட்டி. அப்படியே எழுதிடு." அந்த வரியை அவள் தன் கையாலேயே எழுதினாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு வந்ததே இல்லை. "நம்ம வீட்டுல சாவிதான் குடும்பம் நடத்துது. நீ வச்சிட்டுப் போற, நான் எடுத்துக்கறேன்" என்பான் அவன்.

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம் என்று எல்லோரையும்போல அவளும் நம்பி, ஐம்பத்திரண்டு கட்டங்கள்தான் போட்டிருந்தாள். திங்களில் தொடங்கும் வாரங்களை எண்ணிக்கொண்டே போனால் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை ஒன்று கூடுதலாக நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது. பேருந்து ஓடாத நாளை அந்த ஊர் ஒரு நாளாகவே மதிப்பதில்லை. ஆகவே கட்டம் கிடைக்காத அந்த வாரம் பணிமனை வாசலில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, புரோகிராம் எழுதியவளின் விலாசத்தைத் தேடி வந்துவிட்டது.

திங்கள் காலை ஜன்னலைத் திறந்தால் வெயில் அவர்கள் வாசற்படிவரைதான் இருந்தது. அதற்கப்பால் ஞாயிற்றுக்கிழமை இருட்டு. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் இழுக்கத் தொடங்கிய குறட்டை ஒன்றை ஏழு நாளும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வெளியில இன்னும் விடியவே இல்ல."

"இங்க விடிஞ்சிடுச்சில்ல. காபி போடு."

"நீங்க லீவுதானே? நீங்களே போடுங்க."

"நீயும்தானே லீவு?"

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. முதல் இரண்டு நாள் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். புதன்கிழமை, நான்கு வருடமாக நேரம் கிடைக்காமல் தள்ளிப்போட்ட சண்டை அத்தனையையும் போட்டுத் தீர்த்தார்கள். கோபித்துக்கொண்டு போக வெளியே நாள் எதுவும் இல்லாததால் வியாழக்கிழமை சமாதானம் ஆனார்கள். தூக்கத்தில் அவன் வலது கால் எதையோ மிதிப்பதை அவள் வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"யாருக்குங்க அப்படி பிரேக் போட்டீங்க?"

"நீதான் குறுக்க வந்த."

நான்காம் தேதி காலை வேலைக்குப் போனவனை மேலாளர் வாசலிலேயே நிறுத்தினார். "ஏம்ப்பா, நேத்து வண்டியை விட்டுட்டுப் போறப்ப முகம் மழமழன்னு இருந்துச்சே. ஒரே ராத்திரியில இவ்வளவு தாடியா?"

பொய் சொல்ல வராத அவன், கூடவே வேலைக்கு வந்திருந்த மனைவியைப் பார்த்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "ஒரு வரிதான் சார். ஐம்பத்திரண்டை மாத்திட்டா இனிமே இப்படி ஆகாது. இப்பவே திருத்திடறேன்." நான்கு வருடத்துக்கு அவர்களுக்கு வாய்த்தது அந்த ஒரு வாரம். திருத்திவிட்டால் அடுத்தது கிடையாது.

மேலாளர் இழுப்பறையிலிருந்து தம் ஓய்வு உத்தரவை எடுத்தார். டிசம்பர் முப்பத்தொன்று மாலையோடு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். பரண் சுத்தம் செய்வதில் தொடங்கி அவருக்கான வேலைகளை அவர் மனைவி ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள்.

"இந்த முப்பத்தொண்ணாம் தேதி இனிமே வருமா?"

"வராது சார். எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிடுச்சு."

அவர் உத்தரவை மடித்து உள்ளே வைத்தார். "அவசரப்பட்டு எதையும் திருத்தாதம்மா."

"ஒரே ஒரு வரிதான் சார்."

"ஒரு வரிதானே, இருந்துட்டுப் போகட்டும்."

அந்த வரி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மேலாளரும் இருக்கிறார், உத்தரவில் கண்ட தேதி வராததால் அவரை அனுப்ப யாருக்கும் வழியில்லை. அவர் மனைவி நான்காவது நோட்டு வாங்கிவிட்டாள். புரோகிராம் எழுதியவளும் அவள் கணவனும் இப்போது ஊராரைவிட மூன்று வாரம் மூத்தவர்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமை அவள் ஏழு நாளைக்கான காய்கறியைச் சேர்த்து வாங்கிவிடுவாள். மறுநாள் மாலை வண்டியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வரும் அவனிடம் மேலாளர், தலையைத் தூக்காமலே, ஒரு புது பிளேடு பாக்கெட்டை மேசைமேல் நகர்த்துவார்.

"ஏழாம் நாள் மறக்காம ஷேவ் பண்ணிடு. நாளைக்குப் பார்க்கலாம்."