வேறு மருந்துகள்

மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் அப்பாவுக்கு, நாளைக் காலை பைபாஸ். இன்று அட்மிஷன். நர்ஸ் ஒரு தொடுதிரையை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் திரையின் மூலையில் ஒரு எண் மாறியது. ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல் வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்ற கணக்கு அது. வயது அறுபத்தெட்டு என்றதும் ஏறியது. சர்க்கரை என்றதும் இன்னும் கொஞ்சம்.

"சிகரெட் உண்டா ஐயா?"

"கல்யாணத்தோட விட்டாச்சு. விட வெச்சுட்டாங்க." அத்தையைக் காட்டினார் மாமா.

"அப்போ இவங்களாலதான் உங்க இதயம் இவ்வளவு நாள் ஓடியிருக்கு."

"அடைச்சதும் இவங்களாலதாம்மா. நெஞ்சைத் திறந்து பாருங்க, உள்ள பூரா திட்டுதான் இருக்கும்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றார் அத்தை.

எண் ஐந்தில் நின்றது.

"வேற மருந்து ஏதாவது? நாட்டு மருந்து, பொடி, லேகியம்?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது," என்றார் அத்தை. மாமாவும் தலையாட்டினார்.

பொய் சொல்லவில்லை அவர்கள். அந்த வீட்டில் தினமும் சாப்பிடும் மூலிகைப் பொடியை யாரும் மருந்து என்று சொல்வதில்லை. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கும். காலையில் ஒரு ஸ்பூன், வெந்நீரில். கொண்டுவந்து கொடுப்பவன் நான். மூலிகை மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை.

பதினொரு மாதத்துக்கு முன் இதே கேள்வியை வேறொரு நர்ஸ் என்னிடம் கேட்டாள். என் மனைவிக்கு வால்வு மாற்ற வேண்டியிருந்தது. அவளை எக்கோ எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். அவளும் தினமும் அந்தப் பொடியைச் சாப்பிட்டாள். நான் இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை. எண் இரண்டு என்று வந்தது. அவள் திரும்பி வந்ததும் சொன்னேன்.

"ரெண்டா? நான் எடுத்ததிலேயே நல்ல மார்க் இதுதான்," என்று சிரித்தாள்.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலை ரத்தம் நிற்கவில்லை. மறுபடி திறந்தார்கள். ஐந்தாம் நாள் இறந்துபோனாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். ஒரே தடவையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு டப்பாவை நாங்கள் எடுத்து வைத்திருப்போம். அவள் சாப்பிட்ட தொகுதியின் டப்பாவைத் திறந்து மறுபடி சோதித்தேன். கலப்படம் இல்லை. ஈயம் இல்லை. பூஞ்சை இல்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் சத்து மட்டும், இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்றுதான் எங்கள் விதியில் இருக்கிறது. மிஞ்சக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. ஆகவே தேறியது. முதல் தடவை தேறியது என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அதனால்தான் ரத்தம் நிற்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. என்னை யாரும் கேட்கவில்லை. டப்பா தீர்ந்துவிட்டது என்று அத்தை போன் செய்தபோது இன்னொன்று கொண்டுபோய் வைத்தேன். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

இன்று அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று இருந்தேன். நர்ஸின் விரல் அடுத்த கேள்விக்கு நகர்ந்தது.

"சாப்பிடுறார் சிஸ்டர்," என்றேன். "தினமும் ஒரு பொடி. ரத்தத்தை உறைய விடாது."

"கடைசியா எப்போ?"

மாமா என்னைப் பார்த்தார். "இன்னிக்குக் காலையில. அது சும்மா பொடிம்மா."

நர்ஸ் எழுந்துவிட்டாள். "டாக்டரைக் கூப்பிடுறேன். நாளைக்கு நடக்காதுன்னு நினைக்கிறேன். ரெண்டு வாரம் நிறுத்திட்டுத்தான் செய்வாங்க."

அறையில் நாங்கள் மூவர் மட்டும்.

"அவளும் சாப்பிட்டாளே," என்றார் அத்தை.

"ஆமா."

"அன்னிக்குக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"மருந்துன்னு தோணலை அத்தை."

"எனக்குத் தோணலை, சரி. நான் அடுப்படியில நிக்கிறவ. நீங்க பொழுதன்னைக்கும் அதைத்தானே மாப்பிள்ளை சோதிக்கிறீங்க?"



"விடு," என்றார் மாமா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அத்தை அழவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாமாவின் ஸ்கேன் உறையைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"அவர் வாயில போறது, உடம்புல படுறது எல்லாத்தையும் எழுதுங்க. இனிமே யார் கேட்டாலும் வாயால சொல்ல வேண்டாம்."

எழுதினேன். சர்க்கரை மாத்திரை. பிரஷர் மாத்திரை. பொடி. பொடிக்கு நேரே, எவ்வளவு சாப்பிடுகிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினேன். அத்தை என் தலைக்கு மேல் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"முட்டிக்குத் தடவுற தைலம் எங்க?"

அதையும் எழுதினேன். அடுத்து என்ன என்று நிமிர்ந்தேன். அவர் விரலை மறுபடி முதல் வரியில் வைத்திருந்தார்.