சும்மா போட்ட வயல்

ஊரில் 'துறுதுறு' என்றால்தான் அவரைத் தெரியும். ஒரு போகம் பயிர் வைக்காமல் நிலத்தைச் சும்மா போட்டால் அரசாங்கம் மானியம் தரும் என்று மனைவி சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். சும்மா இருப்பதற்குச் சம்பளமா, அப்படியென்றால் உன் தம்பி இந்நேரம் கோடீஸ்வரனாகியிருக்க வேண்டுமே என்றார். அவளுக்கோ எப்படியாவது மானிய மனுவில் அவரிடம் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும்.

பணமெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். முதுகில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர், இந்தப் போகம் முடியும்வரை மனிதர் குனியவே கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். குனியாத விவசாயியை யார் கண்டது? மானியம் வந்தால் கீழ் வயலைச் சும்மா போட்டுவிட்டு வீட்டில் கிடப்பார். வராவிட்டால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார், அப்புறம் அந்த முதுகை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். மேல் வயலை அவளே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார், கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். ரேடியோவைப் பிரித்துப் போட்டார், திரும்ப மாட்டத் தெரியாமல் பழியை ரேடியோ மேலேயே போட்டார். நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு அவள் கீழ் வயல் பக்கம் போனாள். வயல் பச்சைப்பசேலென்று கிடந்தது, அத்தனையும் பயறு. அவளுக்குப் பகீரென்றது.

"என்னங்க இது?"

"சும்மாதான் வீசினேன். நின்னுக்கிட்டே வீசினேன், குனியவே இல்ல."

சும்மா போடச் சொன்ன நிலத்தில் சும்மா விதைத்தேன் என்கிற மனிதரை என்னதான் செய்வது? ஆசை தீரத் திட்டினாள்.

மறுநாளே வேளாண் அதிகாரி ஆய்வுக்கு வந்துவிட்டார். ரப்பர் பூட்ஸ் போட்ட சின்ன வயதுப் பெண். வரப்பில் நடந்து பார்த்துவிட்டு, கோபப்படாமல் விதியைச் சொன்னார். பூக்கும்போதே மடக்கி உழுது மண்ணுக்கு உரமாக்கினால் மானியம் உண்டு, ஒரு நெற்றைப் பறித்தாலும் கிடையாது. எது என்று இப்போதே சொல்லிவிட வேண்டும்.

துறுதுறுவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. காய்க்கப் போகிற பயிரை மண்ணுக்குள் தள்ளுவதா? இது எப்படிக் காய்க்கும் தெரியுமா மேடம் என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"மடக்கி உழுதிடறோம். நான் இறங்கல, டிராக்டர் வச்சுக்கறோம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரி குறித்துக்கொண்டு கிளம்பினார். துறுதுறு விடவில்லை.

"மேடம், அடுத்த போகத்துக்கு மேல் வயலையும் எழுதிக்குங்க."

அதற்குள் உங்கள் முதுகுதான் சரியாகிவிடுமே என்றாள் மனைவி.

"எனக்கில்ல மேடம்," என்று அவர் அதிகாரியைப் பார்த்தே சொன்னார். "இவ மூட்டுவலி தாங்காம தைலம் தேய்ச்சுக்கறா. நான் தூங்கிட்டேன்னு நினைப்பு."

அந்த வலியைப் பற்றி அவள் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"எழுதிக்குங்க மேடம்," என்றாள்.