தண்ணீர் காட்டாத பாத்தி

மழை பொய்த்த வருடத்தில், செத்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நீங்கள் யோசித்ததுண்டா?

ஜெயம்மா அதைத்தான் யோசித்தாள். நகரிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து அரசு நாற்றங்காலில் காவலாளியாக இருந்த அவள் நைனா கோவர்த்தனன் விடியும்போது இறந்துபோயிருந்தார். சித்தப்பா சின்னசாமி கட்டிலை நாற்றங்கால் வீட்டு வாசலில் போட்டு உடலைக் கிடத்தினார். அந்த வாசல், செம்மரக் கன்றுகள் நின்ற இரண்டு பாத்திகளை நோக்கிச் சரிந்திருந்தது.

“சித்தப்பா, இங்க வேணாம். பின்னால தூக்கிக்கினு போலாம்.”

“பின்னால முள்ளுதான் கெடக்குது. வாசல்லதாம்மா குளிப்பாட்டணும். இன்னா ஆச்சி உனக்கு?”

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருப்பதி ஆபீசர் கொடுத்த மருந்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு பாத்திக்கு ஊற்றியிருந்தார் நைனா. வளர்ச்சியை அடக்கும் மருந்து. வளராமல் நின்றால் கன்று குறைந்த தண்ணீரிலேயே பிழைக்குமாம். இன்னொரு பாத்திக்கு மருந்தில்லை. அதன் பிறகு இரண்டுக்குமே தண்ணீர் காட்டவில்லை. எது பிழைத்தது என்று நாளை ஆபீசர் வந்து பார்க்கும்வரை ஒரு சொட்டுப் படக்கூடாது. படுத்த படுக்கையான பிறகும் நைனா கேட்டது இது ஒன்றுதான்: “பாத்தி காய்ஞ்சிக்கினு கீதா?”

முதல் குடம் கவிழ்ந்தது. ஜெயம்மா ஓடிப்போய்ப் பாத்தி ஓரத்தில் மண்ணை வாரிக் கரை கட்டினாள்.

திருத்தணியிலிருந்து வந்த அத்தை செல்லியம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“எங்கூர ஆந்திராவுலேர்ந்து பிரிச்சி மெட்ராஸுக்குக் குடுத்து எல்ல போட்டாங்க. இவ பெத்தவனுக்கும் செடிக்கும் எல்ல போடறா.”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

சீயக்காய் நுரையோடு தண்ணீர் வந்து கரையில் முட்டியது. ஓரிடத்தில் மண் கரைந்தது. அவள் முழங்காலை வைத்து அடைத்தாள்.

“ஜெயம்மா, வா. பொண்ணு ஊத்தணும்.” சித்தப்பா சொம்பை நீட்டினார்.

“யாராச்சும் இத்த கொஞ்சம் புடிங்களேன்.”

பிணத்தின் மேல் பட்டு வந்த தண்ணீரில் கை வைக்க யாரும் வரவில்லை.

“நீயே ஊத்திடு சித்தப்பா.”

“பொண்ணு இருக்கசொல்ல நானா?”

அவள் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா தானே சொம்பைக் கவிழ்த்தார். அந்தத் தண்ணீரும் இறங்கி வந்து அவள் முழங்காலில் நின்றது.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை ஆபீசர் வந்தார். மருந்து ஊற்றாத பாத்தி கருகிக் கிடந்தது. ஊற்றியதில் பாதிக்கு மேல் பச்சையாக நின்றது. இனி தண்ணீர் விடலாம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். ஜெயம்மா, சித்தப்பா நேற்று நீட்டிய அதே சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் கருகிய பாத்தியில் ஊற்றினாள்.