காது வெட்டிய கிடாய்கள்

விதிகளை வாசித்துக் காட்டுவதில் கனகலிங்கத்துக்கு ஒரு ருசி. பீடத்தின் உதவிப் பதிவாளர் அவர். ஆராய்ச்சி நிதியில் வாங்கிய சாக்குத் துண்டு ஒன்று காணாமல் போனாலும் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார் என்று கிளிநொச்சியில் அந்தப் பீடத்தில் படிப்பித்தவர்கள் பகிடியாகச் சொல்வார்கள். அவருடைய மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில், புது விரிவுரையாளர் அருந்ததி கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

“கிடாய்க்குட்டி வாங்கிற காசு பல்கலைக்கழகக் காசு. ஆராய்ச்சி முடியுமட்டும் அதுகள் பல்கலைக்கழகச் சொத்து. அழியாத அடையாளம் இருக்கவேணும். முடிஞ்சாப் பிறகு வளர்த்த சனத்துக்கே சொந்தம். இடையில ஆராவது வித்தாலோ அறுத்தாலோ, அந்த வரிசை வீடுகளுக்குக் குடுத்த அவ்வளவு குட்டியையும் திருப்பி எடுப்பம்.”

“ஓம் சேர்.”

“வீடு வீடாய்ப் போய் இருந்து, விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கும் பிள்ளை. கூட்டத்தில வைச்சு வாங்கிற கைநாட்டு கைநாட்டில்லை. விளங்கப்படுத்தாமல் விட்டு ஏதும் நடந்தால் அது எங்கட பிழை. எங்கட பிழைக்கு அவையளின்ர ஆட்டில கைவைக்கேலாது. உம்மிலதான் கைவைப்பம்.”

கடைசி வசனத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அருந்ததியும் சிரித்தாள். அவளுடைய நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த ஆராய்ச்சி ஒழுங்காக முடிந்தால்தான் அது நிரந்தரமாகும். கொக்குவிலில் தாயும் இரண்டு தங்கைகளும் அவளுடைய சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. புண்ணாக்கும் தீவனமும் தாண்டிக்குளத்து இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டி வராத காலம். வேலியில் நிற்கும் பூவரசங் குழையையும் ‘இப்பில் இப்பில்’ என்கிற வேலிமரத்தின் குழையையும் மட்டும் தின்று ஒரு கிடாய் எவ்வளவு கொழுக்கும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. காதில் மாட்டும் அலுமினியத் தகடுகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தாள். ஆட்டுக் காதில் மாட்டுகிற தகட்டில் என்ன குண்டு செய்யலாம் என்று நினைத்தார்களோ, அவையும் சாவடியில் நின்றுவிட்டன. ஆகவே எல்லாக் குட்டிகளுக்கும் வலது காதின் நுனியை ஒரு சிறு முக்கோணமாக வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அழியாத அடையாளம்தானே, விதிக்கு அது போதும்.

விசுவமடுப் பக்கம் ஒரு குடியேற்றத்தைத் தெரிந்தெடுத்தாள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்கள். அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரங்களில் அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறினாள். கதிரை போட்டார்கள், பயத்தம் பணியாரம் வைத்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். காது ஏன் வெட்டியிருக்கும், ஆடு எப்போது அவர்களுக்குச் சொந்தமாகும், இடையில் ஏன் அறுக்கக்கூடாது என்று அவசரப்படாமல் இருந்து சொன்னாள்.

வாய்க்கால் கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இனிப் போனால் திரும்பிப் போக உழவு யந்திரம் நிற்காது என்று தனக்குத்தானே சொன்னாள். அது வெறும் சாட்டு. அந்த வீடுகளுக்குள் போனால் அங்கேயும் தேத்தண்ணி தருவார்கள், குடிக்க வேண்டி வரும். தான் படித்தவள், அப்படியெல்லாம் பார்க்கிறவள் இல்லை என்றுதான் அருந்ததி தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். ஆனால் கால் வாய்க்காலைத் தாண்ட மாட்டேன் என்றது. பழக்கம் படிப்பைவிடப் பழையது.

அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஏரம்புவிடம் சொல்லி, அந்தப் பக்கத்துச் சனத்தை மதகடி மருதமரத்துக்குக் கூப்பிட்டாள். வரிசையாக வந்து பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். விளங்கப்படுத்தும் பொறுப்பை ஏரம்பு ஏற்றுக்கொண்டார். “குட்டி தருகினம், வடிவாய் வளத்தெடுங்கோ,” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அடுத்த கிழமை குட்டிகள் காது வெட்டியபடி போய்ச் சேர்ந்தன.

மாதா மாதம் தொங்கு தராசோடு நிறுக்கப் போனபோது ஓர் அதிசயம் தெரிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கிடாய்கள் மற்றவற்றைவிட நன்றாகக் கொழுத்து வந்தன. கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை, நெற்றியில் குங்குமம். வீரையா என்பவருடைய மிளகாய்க் கன்றுகளை ஒரு கிடாய் ஒட்ட மேய்ந்து முடித்தது. மனுசன் தடி எடுக்கவில்லை, கும்பிட்டு நின்றார். அருந்ததிக்குச் சிரிப்பு வந்தது. ‘இக்குடும்பங்கள் விலங்குகளில் காட்டும் அக்கறை வியக்கத்தக்கது’ என்று அரையாண்டு அறிக்கையில் எழுதினாள். கனகலிங்கம் அந்த வரியை மற்ற விரிவுரையாளர்களுக்கு வாசித்துக் காட்டினார். இப்படி எல்லோ ஆராய்ச்சி செய்யவேணும் என்றார்.

மாரி முடிந்து ஒருநாள் நிறுக்கப் போனபோது, வடிவம்மாவின் கிடாயைக் காணவில்லை.

வடிவம்மா புருசனை இழந்தவள். கச்சான் கடலைத் தோட்டங்களில் கூலிக்குப் போய் மகள் பிரேமிளாவை வளர்த்தாள். அருந்ததியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக மதகடிக்கே ஓடிவந்தாள். கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

“எம் புள்ளக்கி மூளை மலேரியா வந்துச்சு மிஸ். ஆஸ்பத்திரியில கையை விரிச்சிட்டாங்க. முனியாண்டி சாமிகிட்ட, உன் கிடாயை உனக்கே குடுத்திர்றேன், புள்ளயக் குடுன்னு அழுதேன். புள்ள எந்திரிச்சி உக்காந்திருச்சு. போன வெள்ளிக்கெழம குடுத்துட்டோம். நீங்க தந்த ஆடுல்ல, உங்களுக்கு ஒரு பங்கு வத்தல் போட்டு வச்சிருக்கேன்.”

அருந்ததி தராசைக் கீழே வைத்தாள். “அறுத்துப்போட்டீரோ? ஆர் அறுக்கச் சொன்னது?”

வடிவம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “சாமி கிடாய்தானே மிஸ்? காது வெட்டியில்ல தந்தீங்க. எங்காளுக சாமிக்கு நேந்துவிட்டாத்தான் காது நுனிய வெட்டுவாங்க. நேந்துவிட்டத விக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, சாமிக்குத்தான் குடுக்கணும். எங்க பக்கம் எல்லாருமே அப்படித்தான் வளக்கிறோம்.”

மாலையும் குங்குமமும் மிளகாய்த் தோட்டத்துக் கும்பிடும் அருந்ததிக்கு அப்போதுதான் விளங்கின. ஒரு வீட்டில், ஒரேயொரு வீட்டில் உட்கார்ந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே இது தெரிந்திருக்கும். ஆனால் குற்ற உணர்வுக்கு முன்னால் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அறுத்தது என்று எழுதினால் வரிசை முழுவதன் குட்டிகளும் போகும். ஏன் அறுத்தாள் என்று கேட்டால் கூட்டத்தில் வாங்கிய கைநாட்டு வெளியே வரும், தன் வேலை போகும். ஆடு செத்தது என்று எழுதினால் ஒருவருக்கும் நட்டமில்லை.

“வடிவம்மா, நான் சொல்லுறதைக் கேளும். ஆரும் வந்து கேட்டால் வயித்தோட்டத்தில செத்தது எண்டு சொல்லும். மற்ற ஆக்களுக்கும் சொல்லிவையும், ஒருத்தரும் இனி அறுக்கக்கூடாது எண்டு. உங்கட நன்மைக்குத்தான்.”

“சாமிக்குக் குடுத்தத சீக்குல செத்துச்சுன்னு சொல்லவா மிஸ்?” வடிவம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “வாய் அழுகிப் போயிரும்.”

“பிறகு எல்லாற்ற ஆட்டையும் கொண்டுபோயிடுவினம். யோசியும்.”

வடிவம்மா அயல் வீடுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். பொட்டலத்தை அருந்ததி வாங்கவில்லை.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். அருந்ததியின் பொய்க்கு நாலு கால் இருந்தது. அது நேரே கனகலிங்கத்தின் மேசைக்கு நடந்து போனது.

“வயித்தோட்டத்தில செத்ததோ? மிருக வைத்தியர் பாத்தவரோ?”

“இல்லை சேர். அதுக்கிடையில கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டினம்.”

“அப்ப தொற்று வியாதி எண்டுதான் எடுக்கவேணும். தடுப்பூசி வவுனியாவால வரவிடமாட்டினம். சந்தேகம் எண்டால் அந்த வரிசையில ஒண்டும் மிஞ்சக்கூடாது எண்டு விதி இருக்கு. இல்லாட்டி விசுவமடு முழுக்கப் பரவும்.” அவருக்கும் அதைச் சொல்ல விருப்பமில்லை என்பது குரலில் தெரிந்தது. “எல்லாத்தையும் ஏத்திக்கொண்டுபோய்க் கொன்று புதைக்கவேணும் பிள்ளை.”

“நல்லாய் இருக்கிற ஆடுகள் சேர். நான் நிறுத்துப் பாத்தனான்.”

“ஆடு நல்லாய் இருக்கெண்டு வியாதிக்குத் தெரியாதே.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, கேட்க வேறு ஆளில்லை. வாயைத் திறந்தாள். தங்கைகளின் முகம் நினைவில் வந்தது, மூடினாள். வெளியே வந்து, கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள். தன் மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆடு ஏற்றும் நாளன்று, மண்ணெண்ணெயில் ஓடும் உழவு யந்திரம் கரும்புகை கக்கிக்கொண்டு மதகடியில் வந்து நின்றது. பின்னால் பூட்டிய பெட்டியில் கனகலிங்கம், மிருக வைத்தியர், அருந்ததி. சுடலைக்குப் பக்கத்தில் புதைக்கிற கிடங்கு ஏற்கனவே வெட்டியாகிவிட்டது. மருதமரத்தைச் சுற்றி அந்தப் பக்கத்துச் சனம் தங்கள் கிடாய்களைக் கயிற்றில் பிடித்தபடி நின்றது. கிடாய்களுக்கு அன்றைக்கும் மாலை போட்டிருந்தார்கள். வீரையா தன்னுடையதற்குக் கையால் குழை ஊட்டிக்கொண்டிருந்தார்.

வைத்தியர் முதல் கயிற்றுக்குக் கை நீட்டியபோது, கூட்டத்துக்குள்ளிருந்து வடிவம்மா வந்து கனகலிங்கத்தின் காலடியில் விழுந்தாள். கையில் கிடாய் இல்லாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

“எங்குத்தமுங்க ஐயா. என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. ஆடு சீக்குல சாகல. சாமிக்குக் குடுத்தேன். குடுத்துட்டு, சீக்குல செத்துச்சுன்னு பொய் சொல்லிப்புட்டேன். அந்தப் பொய்யாலதான் சாமி கோவிச்சிக்கிட்டு எல்லாரு ஆட்டுக்கும் சீக்க விட்டிருச்சு. இவுங்க ஒரு பாவமும் செய்யலீங்க ஐயா.”

கனகலிங்கம் குனிந்து அவளைப் பார்த்தார். “அறுத்தனீங்களோ?” என்றார் மெதுவாக. “அம்மா, அறுத்தாலும் எல்லா ஆட்டையும் எடுக்கவேணும் எண்டுதானே விதி. கையெழுத்து வைக்கேக்க சொன்னவையெல்லோ?”

பொய் சொல்லச் சொன்னது யார் என்று வடிவம்மா சொல்லவில்லை. அருந்ததியின் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பாமல், மண்ணில் கிடந்தபடியே அழுதாள்.

இப்போது அருந்ததி பேசாமல் நின்றால் போதும். கதை முடிந்துவிடும். வேலை மிஞ்சும். குற்றம் முழுவதையும் ஒரு கூலிக்காரி தானாகவே தலையில் ஏற்றிக்கொண்டாள், எடுத்துக் கொடுக்கக்கூடத் தேவையில்லை. அந்த வசதியைக் கண்டதும்தான் அருந்ததி ஓரடி முன்னால் வந்தாள்.

“சேர், இவையளுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.” குரல் தனக்கே கேட்கவில்லை என்று பட்டது. இன்னும் உரத்துச் சொன்னாள். “நான் இவையளின்ர ஒரு வீட்டுக்கும் போகேல்லை. இந்த மரத்தடியில வைச்சுத்தான் கைநாட்டு வாங்கினனான். காது வெட்டினால் சாமிக்கு நேர்ந்தது எண்டு இவையள் நம்பினவை. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சுகொள்ளுறதுக்கு நான் போகவே இல்லை. வயித்தோட்டம் எண்டு எழுதினதும் நான்தான். அந்தப் பொய்யை இந்த அக்காவுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். வியாதியே இல்லை சேர்.”

யாரோ ஒருவருடைய கிடாய் செருமியது. கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. அது அருந்ததியை அதிகமாகச் சுட்டது.

“ஏன் பிள்ளை போகேல்லை?”

உழவு யந்திரம், வெயில், நேரம் என்று எத்தனையோ காரணங்கள் நாக்கு நுனியில் நின்றன. “போக மனம் வரேல்லை சேர்,” என்றாள். சனம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“எங்கட பிழை,” என்றார் கனகலிங்கம் வைத்தியரிடம். “இவையளின்ர ஆட்டில கைவைக்கேலாது. வண்டியைத் திருப்பச் சொல்லுங்கோ.” பிறகு அருந்ததியிடம் திரும்பினார். “நாளைக்குக் காலமை கந்தோருக்கு வாரும். நான் ஒண்டும் மறைச்சு எழுதமாட்டன். வேலையை நினைச்சுக்கொண்டிருக்காதையும்.”

“ஓம் சேர்.”

சனம் கிடாய்களை இழுத்துக்கொண்டு கலையத் தொடங்கியது. வடிவம்மா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அருந்ததி கிட்டப் போய் அவளுடைய கையைப் பிடித்தாள். “அக்கா, சாமி கோவிக்கேல்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

வடிவம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவுமில்லை.

“அன்னிக்கி வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போனீங்கன்னு எங்களுக்கும் சேதி வந்திச்சு மிஸ். எங்க வீட்டுக்கும் வருவீங்கன்னு, சீனி கடன் வாங்கித் தேத்தண்ணி போட்டு வச்சேன். இந்தப் புள்ளதான் வாசலக் கூட்டிச்சு. கடைசியில இங்க வந்து விரல வச்சிட்டுப் போகச் சொன்னாங்க.”

குற்றம் சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பிரேமிளாவைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பலகையைத் தாண்டிப் போனாள். அருந்ததியும் பின்னால் போனாள், அவளுடைய வாசல்வரைக்கும். வடிவம்மா உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். புகை வந்தது, தண்ணீர் கொதிக்கிற சத்தமும் வந்தது. அருந்ததி வாசலில் நின்றாள். அன்றைக்கு யாரும் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை.