பிரேக்கில் வைத்த கால்

லோகுவுக்குக் கையில் ஸ்பேனர் கிடைத்துவிட்டால் போதும், தேர்வாய் கண்டிகை மொத்தத்துக்கும் அவன்தான் இன்ஜினியர். அங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவன் என்பது அப்போது மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பழைய காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, இன்ஜின் ஆயில் மாற்ற அடியில் நுழைந்தான். ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை. வாசலோ தெருவை நோக்கிச் சரிவு. அதற்கும் வழி வைத்திருந்தான். பின்சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க ஒரு ஹாலோ பிளாக் கல், பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார மனைவி திலகவதி.

கால் மணி நேரம் மிதித்தாள். இன்ஜின் ஓடாததால் பெடல் கட்டையாக இறுகியிருந்தது. கால் மரத்துப்போய் ஒரு நொடி தளர்ந்தது, அவ்வளவுதான். கல் நொறுங்கி, கார் ஒரு சாண் பின்னால் போனது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்து நிறுத்தினாள். அதற்குள் ஜாக்கி சாய்ந்து, வண்டியின் அடிப்பாகம் லோகுவின் மார்பில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"திலகா, கால எடுத்துறாத," என்று அடியிலிருந்து குரல் வந்தது. மூச்சு பாதி, பேச்சு பாதி.

எடுத்தால் ஜாக்கி விழும், அவன் செத்துப்போவான். போன் சமையலறையில் கிடந்தது. கண்ணுக்கெட்டிய ஆள் பக்கத்து வீட்டு சாலமோன் ஒருவர்தான். தன் லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

லோகு ஒவ்வொரு முறையும் காரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை வேலியோரக் குழியில் கொட்ட, மழையில் அது சாலமோன் கிணற்றில் இறங்கியது. கம்பெனிக் கழிவு என்று லோகு அடித்துச் சொன்னான். இந்தப் பக்கம் கிணறு நாறினால் எவன் கம்பெனியை விட்டு வேறு யாரைச் சந்தேகப்படுவான்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாலமோன் மட்டும் நம்பவில்லை. என் வாசலை மிதிக்காதே என்று லோகு அவரைத் துரத்தினான். அன்றிலிருந்து சாலமோன் வீட்டில் கேன் தண்ணீர்தான். எல்லாம் தெரிந்த திலகவதி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"சாலமோன் அண்ணா, இவரு வண்டிக்கி அடியில மாட்டிக்கினாரு."

அவர் ஓடி வந்தார். கேட்டருகே சட்டென்று நின்றார். உள்ளே வரவில்லை. பழசை நினைத்துத்தான் நிற்கிறார் என்று திலகவதி நினைத்தாள். கால் மறுபடி தளர, பெடல் மெல்ல மேலேறியது.

"அண்ணா, உங்க கெணத்துல எறங்குனது கம்பெனி எண்ண இல்ல. இவரு ஊத்துனதுதான். தெரிஞ்சிக்கினே சொல்லாம இருந்துட்டேன். அத மனசுல வெச்சிக்கினு இவர உட்டுறாதீங்க."

ஜாக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி ஓடி, தன் வண்டி ஜாக்கியையும் இரண்டு மரக்கட்டைகளையும் கொண்டுவந்தார்.

"கால அப்டியே வெச்சிக்கினு இரும்மா."

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, லோகுவைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். விலாவைத் தொட்டுப் பார்த்து, எதற்கும் எக்ஸ்ரே எடுத்துவிடச் சொன்னார். பிறகு காரை இறக்கி வைத்துவிட்டுத் தன் ஜாக்கியோடு போய்விட்டார்.

திலகவதிக்குப் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே வரவில்லை. லோகு தட்டுத்தடுமாறி வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் எண்ணெய். மனுஷன் உயிரோடு நிற்கிறான் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் பக்கத்து வீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அத இன்னாத்துக்குடி அவன்கிட்ட சொன்ன?"