நிரம்ப ஊற்றிய தேநீர்

ரௌஷன் அக்கா மேல்கோட்டுகூட இல்லாமல் பனியில் என் பின்னால் ஓடி வந்தார். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் இந்த வேலை எனக்கு இல்லை.

அப்பா படுத்த படுக்கையான வருடம் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கைபேசியில் பாடம் பார்த்து, மென்பொருளில் பிழை தேடும் வேலையைக் கற்றுக்கொண்டேன். ஆனால் எங்கள் அல்மாட்டி நகரத்தில் எங்கே போனாலும் முதலில் பள்ளிச் சான்றிதழைத்தான் கேட்டார்கள். ஒரு பெரிய கம்பெனி மட்டும்தான், "சான்றிதழ் வேண்டாம், வந்து செய்து காட்டுங்கள்" என்று விளம்பரம் செய்திருந்தது. இதையும் விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை.

நேர்காணலுக்கு அம்மா தன் நல்ல காலணியைக் கொடுத்தாள். அளவு பெரிது. நுனியில் பஞ்சு அடைத்துக்கொண்டு போனேன்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆள் எடுக்கும் பிரிவின் ரௌஷன் அக்கா. மற்றவர் வித்தோல்ட், பிழை தேடும் குழுவின் தலைவர், போலந்துக்காரர். திரையில் ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கம் ஒன்றைக் காட்டினார்.

"இதுல தப்பு எங்க இருக்குன்னு தேடுங்க. மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தேடணும்," என்றார்.

எனக்கோ யோசிக்க ஆரம்பித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். தொலைபேசி வந்து ரௌஷன் அக்கா வெளியே போனார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தோல்ட் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து, சிரித்தபடி என் முன்னால் வைத்தார். விளிம்புவரை ஊற்றியிருந்தார்.

விருந்தாளி இன்னும் இருக்க வேண்டும் என்று விரும்பினால் எங்கள் வீடுகளில் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். தீரத் தீர மறுபடியும் ஊற்றுவோம். நிரம்ப ஊற்றிவிட்டால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லாமல் எவ்வளவு மரியாதையாக அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாக்கு வெந்துபோக அவ்வளவையும் குடித்தேன். நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றபோதுதான் ரௌஷன் அக்கா வழுக்கி வழுக்கி ஓடி வந்தார்.

"அடியே பல்ஜான்! நில்லு! எங்க ஓடுற?"

"கிளம்பச் சொல்லிட்டாருக்கா."

"யாரு, அவரா? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கிண்ணம் நிறைய ஊத்திட்டாரு."

அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட லூசு! அவங்க ஊர்ல கொஞ்சமா ஊத்தினா கஞ்சன்னு பேரு வாங்கிடுவாங்க. அந்த மனுஷன் என்ன தப்பு பண்ணினோம்னு முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. வா, வா, வெறைக்குது எனக்கு."

மேலே போனதும் அக்கா விலகி நின்றுகொண்டார். "நீயே சொல்லு அவருகிட்ட."

தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வித்தோல்டின் முகம் வழுக்கைத் தலை உச்சி வரை சிவந்துவிட்டது.

"ஐயையோ! எங்க வீட்டு ஓனரம்மா வாடகை பேச வந்தாங்க. நல்லா வழிய வழிய ஊத்திக் கொடுத்தேன். அதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனாங்களா?"

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் என் வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது. திரும்பவும் திரையைப் பார்த்தேன். இருக்கையைத் தேர்ந்தெடுத்த உடனே பச்சைப் பக்கம் ஒன்று வந்து, 'நன்றி, இனிய பயணம்' என்றது.

"இங்கயும் நிறைய ஊத்திட்டாங்க," என்றேன். "இதைப் பாத்தா டிக்கெட் எடுத்தாச்சுன்னு நான் போயிடுவேன். ஆனா பணம் கட்டுற பொத்தான் கீழ ஒளிஞ்சிருக்கு."

வித்தோல்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க, சொல்லுங்க." அதன்பிறகு பேசிக்கொண்டே இருந்தேன். அவர்கள் வேண்டுமென்றே வைத்திருந்த பிழைகளில் பாதிக்கு மேல் பிடித்தேன். மீதி என் கண்ணில் படவில்லை. அந்தப் பச்சைப் பக்கத்தை வருகிறவர்கள் எல்லாருமே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அக்கா பின்னால் ஒருநாள் சொன்னார். சொன்னால் சொல்லட்டும்.

அடுத்த வாரம் தொலைபேசி அடித்தது. எடுத்ததுமே, "சூயின்ஷி!" என்று அக்கா கூவினார். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், பரிசு கொடு என்று கேட்கும் கூவல் அது. அம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன வேணும், கேளு தங்கமே! என் வெள்ளி வளையலைத் தரவா?"

"வேணாம்மா, பரிசு வாங்கினா என் வேலை போயிடும். அவ வேலையில சேரட்டும், ஒரு நாள் வந்து டீ குடிச்சிட்டுப் போறேன்."

நான் சேர்ந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை மதியம், வந்தார். அம்மா ஒரு வாய் ஊற்றினாள். அது தீர்ந்ததும் இன்னொரு வாய். பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக் இரண்டு தட்டு காலியானது. வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, கெஞ்சிக் கேக்குறேன், ஒரு தடவை நிறைய ஊத்துங்க. என் வீட்டுக்காரரு தேடுவாரு."

அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. கட்டிலிலிருந்து அப்பா, குழறும் நாக்கால், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"கொஞ்சமா... ஊத்து."