மூட்டை தீரும்வரை மைதானம்

எங்கள் ஆரம்பப் பள்ளியின் கால்பந்து மைதானத்துக்குள் மூன்று பேருந்து நிறுத்தங்கள் இருக்கின்றன. கோடு போட்டவன் பள்ளிக்கூடத்துப் பியூனான நான்தான்.

விளையாட்டு அதிகாரி ஜீப்பில் ஒரு பந்தும் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளும் கொண்டுவந்தார். என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது. 'மூட்டை தீரும்வரை கோடு போடவும்' என்று இருந்தது. இத்தனை வருஷம் நான் பார்த்த வேலையெல்லாம் அப்படித்தான். மூட்டை தீர்ந்தால் வேலை முடிந்தது.

மூட்டை தீரவில்லை. கோடு கோயிலைத் தாண்டியது. கரும்பைத் தாண்டியது. காலனியைச் சுற்றிக்கொண்டு போய் ஊர் முதலாளியின் மாந்தோப்பையும் வளைத்தது. மூன்றாம் நாள், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அங்கேதான் தூள் தீர்ந்தது. என் இடுப்பு வந்துசேர இன்னும் ஒரு நாள் ஆனது.

அதிகாரி கோட்டைப் பார்த்தார். "நேராத்தான் இருக்கு" என்றார்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். பதினான்கு பேர். எல்லாரும் காலனிப் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகள் வேனில் ஏறி வெளியூர்ப் பள்ளிக்குப் போகிறவர்கள்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு கோல் போடணும். இல்லேன்னா பந்து ஜீப்புல ஏறிரும். அடுத்த ஊருல கேட்டு எழுதியிருக்காங்க."

"கோல் எங்க சார் இருக்கு?" என்றாள் ஐந்தாம் வகுப்புப் பூவரசி.

"தெற்க. எட்டு மைல்."

"எதிர்ல யாரு சார் ஆடுறா?"

"கோட்டுக்குள்ள இருக்குற மத்தவங்க எல்லாரும்."

பிள்ளைகள் ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். ரேஷன் கடை வரிசை சுவர்போல நின்று மறித்தது. ஒருவருடைய காலுக்கு நடுவே பந்து போனது. அவர் குனியவில்லை. "நகந்தா என் இடம் போயிரும்" என்றார்.

குறுக்குவழி மாந்தோப்பு. அதற்குள் காலனிப் பிள்ளைகளை விடுவதில்லை. காவல்காரர் சின்னாண்டி கம்போடு வந்தார்.

"தோப்புக்குள்ள யாருடி அது?"

"தோப்பில்லீங்க. மைதானம்" என்றாள் பூவரசி.

சின்னாண்டி அவள் காதைப் பிடித்தார். மாமரத்துக் கிளையிலிருந்து விசில் கேட்டது. அதிகாரி அங்கே உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்.

"கையால தொட்டுட்டீங்க."

"முப்பது வருஷமாத் தொட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்."

"அப்ப எல்லாத்துக்கும் சேத்து ஒரு பெனால்டி."

பெனால்டி என்றால் கோலுக்கு நேரே, பன்னிரண்டு தப்படி தூரத்தில் பந்தை வைத்து உதைப்பது. எங்களால் எட்டு மைல் போக முடியாது. கோலுக்குச் சொல்லி அனுப்பினோம். நாலு நாற்பது பஸ் தோப்பு வாசலில் நின்றது. இரண்டு கம்பங்களும் இறங்கின. ஒன்றுக்கு முழு டிக்கெட், குட்டையாக இருந்ததற்கு அரை டிக்கெட்.

"கோல்ல நிக்கிறவரு மட்டும் கையால தொடலாம்" என்றார் அதிகாரி.

சின்னாண்டி முகம் மலர்ந்தது. கம்பைப் போட்டுவிட்டுக் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்று கையை விரித்தார். கை இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் நீண்டது. சந்து இல்லை.

பூவரசி பந்தை வைத்தாள். வெயில் இறங்கியிருந்தது. ஜீப் தானாகவே உறுமத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து முதலாளி தோப்புக்குள் வந்தார்.

சின்னாண்டி பார்த்தார். அவருடைய கைகள் தாமாகவே சுருங்கி, நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டன. தலை குனிந்தது.

பூவரசி உதைத்தாள். பந்து அவர் பக்கத்தில் நிதானமாக உருண்டு உள்ளே போனது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் பழுக்காத மாங்காய்களும் உதிர்ந்தன. கிழக்கே இரண்டு காக்கைகள் நிறம் மாறின. ஜீப் அணைந்துவிட்டது. நான் ஆடிய ஆட்டத்தை இங்கே எழுதவில்லை.

"என்னய்யா நடக்குது இங்க?" என்றார் முதலாளி.

"நீங்க ஒரு கோல் வாங்கியிருக்கீங்க" என்றார் அதிகாரி. "பந்து இனி இந்த ஊருலதான். பெரிய மைதானம், அதனால ஆட்டம் பங்குனி வரைக்கும் நடக்கும். எல்லாரும் அவங்கவங்க பாதிக்குப் போங்க."

"என் பாதி எது?"

அதிகாரி பையிலிருந்து மைதானத்தின் வரைபடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலனி."

முதலாளி நாலு திசையும் பார்த்தார். "எந்தப் பக்கமாப் போகணும்?"

சின்னாண்டிக்கும் தெரியவில்லை.

"வாங்க" என்றாள் பூவரசி. பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.

"இன்னும் எவ்வளவு தூரம் பிள்ளே?"

"பக்கந்தாங்க. நடங்க."